உருகாமல் எஞ்சிய பொன்

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. எழுத்துப் பொறித்த பொற்பாளமும் அவ்வகைச் சான்றே ஆகும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கல்வெட்டு நிலைத்திருப்பதற்காக வெட்டப்பட்டது. பாளமோ மீண்டும் உருக்கப்படுவதற்காகவே வார்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கு எல்லைச் சுரங்க நாடுகளில் வார்க்கப்பட்ட பாளங்களைத் தேடிச் சேர்ப்போருக்கு நேரும் இன்பமும் இடரும் இதிலிருந்தே பிறக்கின்றன.

1848-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், கலிபோர்னியாவில் கொலோமா என்னும் இடத்தில், மரம் அறுக்கும் ஆலைக்காக வெட்டிய நீர்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் பொன்னைக் கண்டார். மறு ஆண்டு பல்லாயிரவர் அங்கே திரண்டனர். பொன் மலிந்தது, செலவழிக்க நாணயம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் அரசின் நாணயச்சாலை 1854-இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பொற்பொடியே காசு. சிறு பண்டங்களுக்குக் கடைக்காரர் ஒரு சிட்டிகை பொடியை எடுத்துக்கொள்வார். விரல் தடித்த வணிகருக்கு ஆதாயம் மிகுந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு! பெரும் கணக்குகளில் அவுன்ஸ் ஒன்றுக்கு 16 டாலர் என மதித்தனர். ஆற்றுப் பொன்னில் வெள்ளி கலந்திருக்கும். அக்கலப்போ இடத்துக்கு இடம் மாறும். மாற்று அறியாதவரை விலை வெறும் ஊகமே.

அந்த ஊகத்தை ஒழிக்க வந்தவர்கள் மாற்றுப் பார்ப்போர். பொன்னின் தரம் கண்டு சொல்வோரை நம் முன்னோர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர் பெயர்களிலேயே அச்சொல் வழங்குகிறது. கலிபோர்னிய வண்ணக்கர் செய்தது இதுதான். கொண்டுவந்த பொடியை உருக்கிப் பாளமாக வார்ப்பர். பாளத்தின் மூலையில் ஒரு சிறு துண்டை வெட்டி நிறுப்பர். அதனை ஈயத்தோடும் வெள்ளியோடும் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் உலையிலிடுவர். தாழ்ந்த உலோகங்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஈயம் கிண்ணத்துள் ஊறிவிடும். எஞ்சிய மணியை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்துபோகும். தூய பொன் நிற்கும். அதை மீண்டும் நிறுத்தால், ஆயிரத்தில் எத்தனை பங்கு பொன் என்பது தெரிந்துவிடும். பின்னர் நிறுவனத்தின் பெயர், வரிசை எண், எடை, மாற்று, மதிப்பு ஆகியவற்றைப் பாளத்தின் மேல் முத்திரையாக அடிப்பர்.

இம்முத்திரைகளைப் படிக்கப் பழகுவதே சேகரிப்போரின் முதற்பாடம். கெல்லாக்–ஹம்பர்ட் நிறுவனத்தார் வார்த்த மிகப்பெரும் பாளம் ஒன்று ‘யுரேகா’ என்று பெயர் பெற்றது. எடை 933.94 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 29 கிலோ. மாற்று 903. பொறித்த மதிப்பு 17,433 டாலர் 57 சென்ட். அக்காலத்தில் தூய பொன் 387 அவுன்சுக்கு 8,000 டாலர் என்பது அரசு விகிதம். அவுன்சுக்கு 20 டாலர் 67 சென்ட்டுக்குச் சற்று மேல். தாளும் எழுதுகோலும் எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். இரண்டு சென்ட் வேறுபாட்டுக்குள் விடை ஒத்துவரும். நூறாண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் நேர்மையை இவ்வாறு கணக்கிட்டுக் காண்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

வெள்ளிப் பாளங்களின் கதையும் பெரிதும் இதுவே. 1859-இல் நெவாடாவில் காம்ஸ்டாக் வெள்ளிப் படுகை வெளிப்பட்ட பின், கணக்கற்ற பாளங்கள் வார்க்கப்பட்டு நாணயமாகவும் பாத்திரமாகவும் மாறிப்போயின. பரிசாக வழங்கிய சிறு பாளங்களே பெரும்பாலும் பிழைத்தன.

பொற்பாளங்கள் பிழைத்ததற்கோ ஒரு பெருந்துயரம் காரணமாயிற்று. 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், கலிபோர்னியப் பொன்னைப் பனாமா வழியாகப் பெற்று நியூயார்க்குக்குச் சென்றுகொண்டிருந்த ‘சென்ட்ரல் அமெரிக்கா’ என்னும் நீராவிக் கப்பல், கரோலினாக் கரைக்கு அப்பால் சூறாவளியில் மூழ்கியது. பெண்களும் குழந்தைகளும் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டனர். கப்பல் தலைவர் ஹெர்ன்டன் உட்பட ஏறத்தாழ 425 பேர் மாண்டனர். பணநெருக்கடி தொடங்கிவிட்டிருந்த வேளையில் அப்பொன்னுக்காகக் காத்திருந்த வங்கிகளுக்கும் பேரிடி விழுந்தது. 7,000 அடிக்கும் கீழே கிடந்த கப்பலை 1988-இல் ஆய்வாளர் குழுவொன்று கண்டறிந்தது. ஐந்து நிறுவனங்கள் வார்த்த 500-க்கும் மேற்பட்ட பாளங்கள் வெளிவந்தன. உரிமை பற்றிய வழக்கு நெடுநாள் நடந்து, பெரும்பங்கு கண்டெடுத்தவர்க்கே கிடைத்தது. யுரேகா 2001-இல் 80 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

அதற்கு முன் உண்மைப் பாளங்கள் மிகச் சிலவே அறியப்பட்டிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லாத இடத்தில் போலி எளிதில் நுழையும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எல்லைநாட்டுப் பாளங்கள் என்று பல, புதிதாகச் சந்தைக்கு வந்தன. நாணயவியல் அறிஞர் தியோடர் பட்ரி, முதலில் மெக்சிகோப் பாளங்களையும் பின்னர் 1990-களில் அமெரிக்க மேற்குப் பாளங்களையும் போலி என்று வாதிட்டார். புகழ்பெற்ற ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்தவையும் அவர் ஐயத்துக்குத் தப்பவில்லை. கடும் பூசல் எழுந்தது. கூட்டலும் பெருக்கலும் போலி செய்பவனுக்கும் தெரியுமல்லவா? எனவே முத்திரை எழுத்தின் வடிவம், மூலையை வெட்டிய வகை, கலந்துள்ள வெள்ளியின் அளவு ஆகிய அனைத்தையும் நோக்க வேண்டியுள்ளது. கடலடியிலிருந்து வந்த பாளங்கள் அவ்வைந்து நிறுவனங்களின் வேலைக்கு உரைகல்லாயின.

ஆனால் அவற்றுள்ளும் எல்லாம் இன்று இல்லை. நூற்றுமுப்பது ஆண்டுகள் கடலடியில் உருகாமல் கிடந்த கெல்லாக்–ஹம்பர்ட் பாளங்கள் சில, 2001-இல் பழைய 50 டாலர் நாணயத்தின் வடிவில் நினைவு நாணயங்கள் அடிப்பதற்காக உருக்கப்பட்டன. அந்நாணயங்கள் அழகியவை, நல்ல விலைக்கும் விற்றன. எந்தச் சுரங்கக்காரர் கொடுத்த பொடி எத்தனை மாற்று என்று உரைத்த எண்கள் மட்டும் அந்தப் பாளங்களின் மேல் இனி இல்லை.