அப்பத்தாவின் மரக்கால்
எங்க வீட்டுக் குதிருக்குப் பக்கத்துல பழைய மரக்கால் ஒண்ணு இருக்குங்க. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து கடைகள் கிலோவுக்கு மாறின பிறகும், எங்க களத்துல இதுதான் ரொம்ப நாள் பேசுச்சு. அறுப்புக் கூலியை அப்பத்தாதான் அளப்பாங்க. முதல் மரக்காலை 'ஒண்ணு'ன்னு எண்ணமாட்டாங்க, 'லாபம்'பாங்க.

கொடுக்கச் சின்னது, வாங்கப் பெருசுன்னு ரெண்டு மரக்கால் வச்சிருந்த வீடுகளும் அந்தக் காலத்துல உண்டு. எங்க வீட்ல ஒண்ணேதான். கூலி நெல்லுக்கு அப்பத்தா தலைதட்ட மாட்டாங்க, கும்பமா விடுவாங்க. அப்போ கூலி வாங்கினவங்க பேரப்பிள்ளைகதான் இப்பவும் எங்க நடவுக்கு வர்றாங்க.

போன மாசம் பழைய சாமான்காரர் ஐந்நூறு ரூபா தர்றேன்னார். நெல்லை அளந்து காட்டிட்டு உள்ளே வச்சுட்டேன்.