பிடரியிற் பிறக்கும் தலைநோவு

நோவு தெரியும் இடமே நோய் பிறந்த இடம் என்று கொள்ளுதல் மக்கள் இயல்பு. நெற்றி வலித்தால் தைலத்தை நெற்றியிலேயே தடவுவர். ஆயின், பொட்டிலும் கண்ணுக்குப் பின்னும் இடிக்கும் தலைவலிகளுள் ஒரு வகை, கழுத்தின் மேற்பகுதியிலிருந்து ஏறி வருவது. மேற்கழுத்து எலும்பில் நோய் கண்டால் பின்தலை நோகும் என்பதை இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860-களின் தொடக்கத்திலேயே விளக்கினார். இவ்வகைத் தலைவலிக்கு இன்று வழங்கும் தனிப்பெயரை நார்வே மருத்துவர் ஒட்டார் ஷோஸ்தாத் 1983-இல் இட்டார். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலோ, அந்நோவுக்கு வழிசெய்யும் வேலை அப்பெயருக்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே தொடங்கிவிட்டது.

கழுத்தின் பின்புறத்தைத் தமிழர் பிடரி என்றும் எருத்து என்றும் வழங்கினர். செய்யுளின் ஈற்றயலடி எருத்தடி எனப்படுதலைத் தமிழாசிரியர் அறிவர். சித்த நூலாகிய யூகி வைத்திய சிந்தாமணி, வாத நோய் எண்பதனுள் சகனவாதம் என ஒன்றை வைக்கிறது. கழுத்தின் கீழும் இரு கைகளிலும் நோவு, உடற்பாரம், கிறுகிறுப்பு என்பன அதன் குறிகள். கழுத்தெலும்புத் தேய்வையே இது குறிக்கும் என்பர் இக்காலச் சித்த மருத்துவர்.

சுங்கை ஊஜோங் பகுதியில் காப்பி போய் ரப்பர் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆணும் பெண்ணும் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தனர். அடிப்பட்டையைச் சீவும்போது முதுகு வளைகிறது. உளியின் நுனியைக் காண முகம் மட்டும் நிமிர வேண்டும். அந்த நிலையில் மேற்கழுத்து மூட்டுகள் நெருக்குண்ணும். மரம் முதிர்ந்து மேற்பட்டைக்கு வெட்டு ஏறியபின், அண்ணாந்தே நிற்க வேண்டும். பிறகு காண்டா வாளி. நான்கு காலன் பிடிக்கும் வாளி நிறைந்தால் பால் மட்டும் ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். கம்பின் இரு முனையிலும் ஒவ்வொன்று. தோளிலிருந்து மண்டையின் பின்புறம் வரை ஓடும் தசை, பால் ஸ்டோரைச் சேரும்வரை இறுகியே இருக்கும்.

கழுத்தின் நோவு நெற்றிக்கு எவ்வாறு போகிறது? கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் பெருநரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. இரண்டு லயங்களின் கடிதங்கள் ஒரே பையில், மேல்விலாசம் அழிந்து வந்தால் கிராணி என்ன செய்வார்? மூளையும் அவ்வாறே இடம் மாற்றிப் படிக்கிறது.

தோட்ட ஆஸ்பத்திரிக்குக் குளிர்காய்ச்சலும் கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்புமே பெரும் பகை. எழுந்து வேலைக்குப் போகக் கூடியவரின் தலைவலி அங்கே பெரிதன்று. அதற்கு 1893-இல் பம்பாயில் பிறந்த அமிர்தாஞ்சனமும், 1928 முதல் சிங்கப்பூரிலிருந்து வந்த கோடாலித் தைலமும் போதும் என்பது எண்ணம். அவை நோவை மறக்கச் செய்தன, பிடரியைத் தொடவில்லை.

பிடரியைத் தொட்டது பழைய கைவைத்தியம். சித்த மருத்துவத்தின் தொக்கணம் அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைப்படும். வர்ம நூலோர் பிடரிக்காலம் என்றே ஓரிடத்தைக் குறித்தனர். எண்ணெயிட்டு மெல்ல வழித்துவிடுதலில் பழுதில்லை. ஆனால் முடிவெட்டும் கடைகளில் தலையைப் பிடித்துச் 'சடக்'கென்று திருப்பும் வழக்கம் விடத்தக்கது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அதனாற் கிழிந்து, பக்கவாதம் வந்ததும் உண்டு.

2002-இல் வெளியிடப்பட்ட ஆஸ்திரேலிய ஆய்வொன்று, இத்தகைய தலைவலி உடைய 200 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தது. பயிற்சி பெற்றவர் கையாற் செய்த சிகிச்சையும், கழுத்தின் உள்தசைகளுக்கான மென்மையான பயிற்சியும் தனித்தனியே பயன் தந்தன. மோவாயைச் சற்றே உள்ளிழுத்துத் தலையை மெல்ல அசைக்கும் அப்பயிற்சிக்குக் காசு செலவில்லை. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கைகால் சோர்ந்தாலோ, தலைவலி திடீரென வெடித்தாற்போல் வந்தாலோ அது வேறு நோய்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பால்மரம் நின்ற நிலங்களிற் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. நீண்ட கழியின் நுனியிற் கட்டிய அரிவாளால், தலைக்கு மேல் பல மீட்டர் உயரத்தில் உள்ள குலையை அண்ணாந்து அறுக்கின்றனர். கழுத்துக்கு இது பால்வெட்டினும் கடுமையானது. இதைச் செய்வோருட் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.