காப்பாத்த இறங்கினவருக்கு என்ன பேர்?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல கொடைக்கானல் வண்டி ஏறுற பசங்க பேச்சுல குணா குகை வராம இருக்காது. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த 2024-க்கு அப்புறம் கேட்கவே வேண்டாம். நாம இன்னைக்குப் பேசப்போறது, இப்படி ஜாலிக்காகக் குகைக்குள்ள இறங்குறவங்களுக்கு ஆங்கிலத்துல இருக்கிற ஒரு சொல்லைப் பத்தி. ஸ்பெலங்க்கர்.

லத்தீன்ல 'ஸ்பெலுங்கா'ன்னா குகை. அதிலிருந்து வந்த இந்தப் பேரை 1940-கள்ல பரப்பினவர் கிளே பெர்ரி, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து குகைகளைப் பத்தி எழுதினவர். அப்போ அது கௌரவமான பேர்தான். அப்புறம் கையில ஒரு டார்ச், கால்ல கேன்வாஸ் ஷூன்னு உள்ள போய் மாட்டிக்கிறவங்க அதிகமானாங்க. ஹெல்மெட், கயிறு, ஆளுக்கு மூணு விளக்குன்னு போற அனுபவசாலிகள் 'நாங்க கேவர்கள்'னு ஒதுங்கிட்டாங்க. ஸ்பெலங்க்கர்களைக் கேவர்கள் காப்பாத்துறாங்கன்னு கார்ல ஸ்டிக்கரே ஒட்டினாங்க. கொஞ்சம் திமிர்தான், ஆனா மீட்கப் போய்ப் போய் வந்த எரிச்சல்.

நம்மகிட்ட குகைக்குச் சொல் பஞ்சமே இல்லை: முழை, அளை, பொடவு. நிலக்கோட்டை பக்கம் மேட்டுப்பட்டி சித்தர்மலைக் குகையில சமணத் துறவிகளுக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகளும், 2,000 வருஷத்துக்கு முந்தைய தமிழி எழுத்துகளும் இருக்கு. அவங்க அங்க தங்கினாங்க. சும்மா பார்க்க இறங்குறவருக்குத்தான் தமிழ்ல பேர் இல்லை.

1821-ல கொடைக்கானல் மலையை அளந்த பி. எஸ். வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்த இடம் குணா குகை. 'சாத்தானின் சமையலறை'ன்னு வெள்ளைக்காரங்க கூப்பிட்டாங்க. 1991-ல கமல் படம் வந்ததும் பேரே மாறிடுச்சு. மேகாலயாவில கேவர்கள் வருஷக்கணக்கா அளந்து வரைபடம் போடுற சுண்ணாம்புக் குகை மாதிரி இல்லை இது. கடினமான பாறையில செங்குத்தா விழுந்த பிளவுகள். நடந்துக்கிட்டே இருக்கும்போது தரை முடிஞ்சிடும்.

2006-ல கேரளாவின் மஞ்ஞும்மலில் இருந்து வந்த நண்பர்கள்ல ஒருத்தர் அப்படித்தான் விழுந்தார். அந்த ஸ்டிக்கர் கணக்குப்படி இப்போ ஒரு கேவர் வரணும். வரலை. கூட வந்த நண்பர் ஒருத்தரே கயிறு கட்டி இறங்கித் தூக்கிட்டு வந்தார். பயிற்சி கிடையாது, அங்க இறங்கின அனுபவமும் கிடையாது. ஆங்கில வழக்குல அவரும் ஸ்பெலங்க்கர்தான். பின்னாடி ஒன்றிய அரசு அவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கொடுத்தது. மக்கள் அந்தக் கூட்டத்துக்கு வச்ச பேர்ல குகையே இல்லை, அவங்க ஊர்தான் இருக்கு.