புற்றணுவின் வாயிலும் ஒரு வைட்டமினும்

அம்பாங் மருத்துவமனை மலேசியாவில் குருதி நோய்களுக்கான தேசிய மையமாக விளங்குகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குருதிப் புற்றுநோயாளிகள் அங்கு அனுப்பப்படுகின்றனர். கடும் நிணநீரணுக் குருதிப் புற்றுக்கு உலகெங்கும் அளிக்கப்படும் மருந்துகளுள் மெத்தோட்ரெக்சேட் ஒன்று. மஞ்சள் நிறங்கொண்ட அம்மருந்தின் பிறப்பைத் தேடிச் சென்றால், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒருவரிடம் போய் நிற்போம். அதன் எதிர்காலத்தைத் தேடிச் சென்றால், நஞ்சைப் புற்றணுவின் வாயிலிலேயே இறக்கிவிட முயலும் நானோ ஊர்திகளைக் காண்போம். இவ்விரண்டையும் இணைப்பது கீரையில் உள்ள ஒரு வைட்டமின். அதன் வரலாறே இவ்வுரையின் பொருள்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர், தாய்மொழி தெலுங்கு. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறியவர், மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்ற பின் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து அறுவை வகுப்புக்குச் சென்றது ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதன் விளைவாக எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. உடன்பிறந்தோர் இருவரை ‘ஸ்ப்ரூ’ எனும் குடல் நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவருக்கு உண்டு. 1923-இல் பாஸ்டன் சென்று ஹார்வர்டில் இணைந்தார். ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் 1925-இல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவீட்டு முறை உயிர்வேதியியல் மாணவருக்கு நன்கு தெரிந்தது. எனினும் அங்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றார். பல்கலைக்கழகம் தவறவிட்ட மனிதரை ஒரு மருந்து நிறுவனம் பெற்றுக்கொண்டது என்று சொல்வதே பொருந்தும்.

லெடர்லியில் அவருடைய குழு 1940-களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. இப்பொருளின் சுவட்டை முதலில் கண்டவர் லூசி வில்ஸ் எனும் ஆங்கில மருத்துவர். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் குருதிச் சோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதை அவர் காட்டினார். 1941-இல் அமெரிக்க ஆய்வாளர் டன் கணக்கில் கீரையைப் பிழிந்து அப்பொருளைத் திரட்டி, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். செயற்கையில் கிடைத்ததும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தனர், பயன் தந்தது. சுப்பாராவின் உடன்பிறந்தோர் காலத்தில் இல்லாத மருந்து அது.

உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தபோது நோய் விரைந்து பெருகியதைக் கண்டார். அப்படியானால் அந்த உணவைத் தடுத்தால் என்ன? சுப்பாராவின் குழு அத்தகைய போலிகளை ஆக்கித் தந்தது. நான்காம் படிவ உயிரியலில் நொதியைப் பூட்டுக்கும் வினைபடுபொருளைச் சாவிக்கும் ஒப்பிடுகிறோம் அல்லவா? அமினோப்டெரின் என்பது பூட்டினுள் நுழைந்து, திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின்படி, 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்தது, ஆனால் தற்காலிகமாகவே. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் மறைந்தார். அமினோப்டெரினின் உறவுப்பொருளே பின்னர் அதன் இடத்தைப் பிடித்த மெத்தோட்ரெக்சேட்.

இப்போலிச் சாவிக்கு ஒரு குறை உண்டு. புற்றணு எது, எலும்பு மஜ்ஜையின் நல்லணு எது என்று அதற்குத் தெரியாது. விரைந்து பிரியும் எதையும் அது தாக்கும். வாய்ப்புண்ணும் குருதியணுக் குறைவும் இதனால் வருபவை. நோயை மட்டும் தேடிச் சென்று தாக்கும் ‘மந்திரத் தோட்டா’ வேண்டும் என்று ஜெர்மானியரான பால் எர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனவு கண்டார். அக்கனவுக்குக் கலம் கிடைக்க அறுபது ஆண்டுகள் சென்றன. இங்கிலாந்தில் அலெக் பாங்கம் 1965-இல், சில கொழுப்புகள் நீரில் தாமே குமிழிகளாய் மூடிக்கொள்வதை விளக்கினார். இவையே லிப்போசோம்கள். 1971-இல் கிரெகோரியாடிஸ் அவற்றை மருந்தேற்றும் கலங்களாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்.

இங்கே சொல்லைப் பற்றி ஒன்று. இக்கலங்களை ‘நானோகடத்தி’ என்று எழுதுவோர் உண்டு. நம் மாணவருக்குக் ‘கடத்தி’ என்றதும் மின்கம்பி நினைவுக்கு வரும்; செய்தித்தாள் படிப்பவருக்கோ சுங்கத்துறை. ‘நானோ ஊர்தி’ என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது.

1986-இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும், புற்றுக்கட்டியின் குருதிக்குழாய்ச் சுவர் ஒழுகலுடையது என்றும், ஒழுகி வந்த பெரிய மூலக்கூறுகள் அங்கேயே தங்கிவிடுகின்றன என்றும் கண்டனர். இந்த ஒழுகலை நம்பிப் பிறந்ததே டாக்சில். ஏறக்குறைய 100 நானோமீட்டர் விட்டமுள்ள அதன் ஒவ்வொரு குமிழியிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்சோரூபிசின் மூலக்கூறுகள் அடைபட்டுள்ளன. 1995-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இதயத்துக்கு நேரும் கேடு குறைந்தது; ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரியும் புதிய தொல்லை வந்தது. கலம் எங்கே ஒழுகினாலும் நஞ்சு அங்கே இறங்கும் என்பதற்கு இது சான்று.

இதனால் கலத்துக்கு முகவரி எழுத வேண்டிய தேவை எழுந்தது. இங்குதான் ஃபோலிக் அமிலம் வேறு வேடத்தில் திரும்புகிறது. சூலகப் புற்று போன்ற சில புற்றுகள், பசியின் மிகுதியால், ஃபோலிக் அமிலத்தைப் பற்றும் ஏற்பிகளைத் தம் மேற்பரப்பில் ஏராளமாக வைத்துள்ளன. 1991-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் லீமன், லோ இருவரும் ஒரு புரதத்துடன் ஃபோலிக் அமிலத்தைப் பிணைத்தனர். உணவென்று எண்ணிய உயிரணு புரதத்தையும் சேர்த்து விழுங்கிற்று. விழுங்கப்பட்ட சரக்கு முதலில் அடைபடும் பை அமிலத்தன்மை உடையது. எனவே அமிலம் பட்டதும் அவிழும் கலங்களை வடிவமைத்தனர்.

2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேக்கர் குழுவினர் செய்ததை இவ்வரலாற்றின் அழகிய இடமாகக் கருதுகிறேன். 5 நானோமீட்டருக்கும் குறைவான, மரம்போற் கிளைத்த மூலக்கூறொன்றின் கிளை நுனிகளில் சாவியாக ஃபோலிக் அமிலத்தையும், சரக்காக மெத்தோட்ரெக்சேட்டையும் கோத்தனர். முகவரியும் நஞ்சும் ஒரே வைட்டமினின் இரு முகங்கள். மனிதப் புற்று வளர்க்கப்பட்ட எலிகளில் அது தனி மெத்தோட்ரெக்சேட்டைவிட நன்கு வேலை செய்தது.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழிதான் நீளமானது. சாவி வேலை செய்வது வாயிலை அடைந்த பிறகே. அதற்கு முன்னரே கல்லீரலும் மண்ணீரலும் கலங்களை அள்ளி விழுங்குகின்றன. குருதிப் புரதங்கள் கலத்தின் மேல் படிந்து முகவரியை மறைக்கின்றன. எலியின் விரைந்து வளரும் கட்டியைப்போல் மனிதக் கட்டி எல்லாம் ஒழுகுவதுமில்லை. 2016-இல் டொரொன்டோவின் வாரன் சான் குழுவினர் பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, விலங்குகளுக்குச் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 விழுக்காடே. முகவரி எழுதியவை சற்று மேல், அவ்வளவுதான். உற்பத்தியிலும் சிக்கல் உண்டு: ஒரு துகளில் ஐந்து சாவி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் ஒன்றுமில்லை என்றால் அது ஒரே மருந்தாகாது.

எனினும் ஏற்பியைக் குறிவைக்கும் எண்ணம் வீண்போகவில்லை. ஃபோலிக் அமிலத்தை ஒத்த மூலக்கூறுடன் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அறுவையின்போது சூலகப் புற்றின் சிதறல்களைக் கண்டெடுக்க உதவும் பொருளுக்கு 2021-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அதே ஏற்பியை எதிர்ப்பொருளால் பற்றி நஞ்சை உள்ளே விடும் மருந்து 2022-இல் வந்தது. இரண்டும் குமிழிகளோ துகள்களோ அல்ல. அவற்றைவிட எளிய கட்டமைப்புகள். மெத்தோட்ரெக்சேட்டோ இன்னும் முகவரியின்றியே குருதியில் பயணம் செய்கிறது. மூளையைச் சூழ்ந்த நீரில் பதுங்கும் குருதிப் புற்றணுக்களிடம் அதைக் கொண்டுசேர்க்க, மருத்துவர் முதுகெலும்புகளின் இடையே நுண்ணூசியைச் செலுத்தித் தம் கையாலேயே விடுகிறார்.