எடைக்குறைப்புக் கலோரிக் கணக்கு: சில எண்களின் பூர்வீகம்

எடையைக் குறைக்க ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம் என்று கேட்டால், உணவியல் ஆலோசகரும் கைபேசிச் செயலியும் ஏறத்தாழ ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். சும்மா படுத்திருக்கும் உடல் செலவிடும் கலோரியை ஒரு சமன்பாட்டால் காண்பார்கள். நடமாட்டத்துக்கேற்ப அதைப் பெருக்குவார்கள். வந்த தொகையில் 500ஐக் கழிப்பார்கள். தட்டில் விழும் சோற்றையும் குழம்பையும் 4, 9, 4 என்ற எண்களால் அளப்பார்கள். இவை ஒரே கையால் எழுதப்பட்ட கணக்கின் வரிகள் அல்ல. உணவை அளக்கும் எண்களும் உடலை அளக்கும் சமன்பாடும் பிறந்தபோது எடைக்குறைப்பு யார் மனத்திலும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உயிரின் வெப்பத்தை அளக்கும் முயற்சி 1780களில் பாரிஸில் தொடங்குகிறது. லவாய்சியேயும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, உருகி வடிந்த நீரை எடைபோட்டார்கள். மூச்சு என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். நூறாண்டுக்குப் பின் ஜெர்மனியில் மேக்ஸ் ரூப்னர், நாய் தின்ற உணவின் ஆற்றலும் அதன் உடல் வெளிவிடும் வெப்பமும் ஒத்துப்போவதை நிறுவினார்.

மனிதனை அதே மாதிரி அறைக்குள் அடைத்து அளந்தவர் வில்பர் அட்வாட்டர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ஒரு கட்டடத்தின் நிலவறையில், இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து 1890களில் அவர் அமைத்த சிற்றறையில் ஆட்கள் நாள்கணக்கில் தங்கினார்கள். உண்டது, கழித்தது, மூச்சில் விட்டது, உடல் சூடு என எல்லாம் அளக்கப்பட்டன. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4 என்ற எண்கள் அட்வாட்டரின் ஆய்வுகளிலிருந்து வந்தவை. (நாம் கலோரி என்பது அறிவியல் கணக்கில் கிலோகலோரி.) அட்வாட்டரின் கவலை தொழிலாளியின் பசி. கையிலிருக்கும் காசுக்கு அதிகக் கலோரி தரும் பண்டம் எது என்பதே அவர் கேள்வி. அந்தத் தராசில் கீரையும் பழமும் வீண் செலவாகத் தெரிந்தன. வயிறு நிறையப் போட்ட கணக்கை வயிற்றைக் கட்டுவதற்குத் திருப்பிக்கொண்டது அடுத்த தலைமுறை.

திருப்பியவர்களில் முதன்மையானவர் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். அவருடைய ‘டயட் அண்ட் ஹெல்த்’ 1918இல் வெளிவந்து, 1920களில் அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் உச்சியில் நின்றது. ரொட்டியைத் துண்டுக் கணக்கில் எண்ணாமல் கலோரிக் கணக்கில் எண்ணப் பழகச் சொன்னார். பெண்களுக்கான எடைக்குறைப்புப் பட்டியல்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் 1,200 என்ற எண் அவர் நூலிலேயே இருக்கிறது. தானே பருமனாக இருந்து இளைத்தவர் என்பதால் வாசகிகள் அவரை நம்பினார்கள்.

உடலை அளக்கும் சமன்பாடு அதே ஆண்டுகளில் வேறொரு திசையிலிருந்து வந்தது. பாஸ்டனில் கார்னகி ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய பிரான்சிஸ் பெனடிக்ட், ஆர்தர் ஹாரிஸ் என்னும் உயிரளவியலாளருடன் சேர்ந்து 1919இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 136 ஆண்கள், 103 பெண்கள், 94 பச்சிளங்குழந்தைகள்: இவர்களின் அளவீடுகள்தான் அடித்தளம். எடை, உயரம், வயது தெரிந்தால் நலமான ஒருவரின் அடிப்படை வளர்சிதைச் செலவு இவ்வளவு என்று கணிக்கலாம்; நோயாளி அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று ஒப்பிடலாம்.

அளந்தவை அமெரிக்க உடல்கள். அச்சமன்பாடு பிறருக்கும் பொருந்துமா என்று முதலில் சோதித்தவர்களில் ஒருவர் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் எலினார் மேசன். தென்னிந்தியப் பெண்களை அளந்து பெனடிக்டோடு சேர்ந்தே 1931இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இப்பெண்களின் வளர்சிதைச் செலவு மேலைநாட்டு அளவுகோலைவிடத் தெளிவாகக் குறைவு என்றது. சமன்பாட்டை எழுதியவரே அதன் எல்லையைக் காட்டும் கட்டுரையிலும் கையெழுத்திட்டிருப்பது வரலாற்றில் அடிக்கடி கிடைக்கும் காட்சியல்ல. குன்னூர் ஆய்வகத்தில் வாலஸ் அய்க்ராய்டு 1937இல் தொகுத்த இந்திய உணவுப் பட்டியலும் இக்காலத்ததே. அதுவும் ஊட்டக்குறைவை எதிர்த்து எழுந்தது.

500 என்ற கழித்தலுக்கு மட்டும் எடைக்குறைப்போடு நேரடி உறவு உண்டு. 1958இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர், ஒரு பவுண்டு உடல் எடை 3,500 கலோரிக்குச் சமம் என்று கணக்கிட்டார். அதை ஏழால் வகுத்தால் 500. வாரத்துக்கு ஒரு பவுண்டு. கூட்டல் கழித்தலில் பிழையில்லை, ஆனால் உடல் வங்கிக் கணக்கு மாதிரி நடப்பதில்லை. அதற்கு முன்பே, 1944-45இல் ஆன்செல் கீஸ் மினசோட்டாவில் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து, மெலிந்த உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்கிறது என்று காட்டியிருந்தார். அதைப் பொருட்படுத்தாமல் 3,500 பாடநூல்களில் குடியேறியது. அந்த விதியை அப்படியே நீட்டினால் தினம் 500 குறைப்பவர் ஆண்டுக்கு 23 கிலோவுக்கு மேல் இழப்பார். 65 கிலோ பெண் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் காணாமலே போய்விடுவார்! கெவின் ஹாலும் சக ஆய்வாளர்களும் 2011இல் ‘லான்செட்’ இதழில் தந்த திருத்தம், நாளொன்றுக்கு 24 கலோரி குறைத்தால் இறுதியில் சுமார் ஒரு கிலோ குறையும், அதில் பாதி வர ஓராண்டு ஆகும் என்கிறது. 500க்கு முதலாண்டில் பத்துக் கிலோ சொச்சம்தான்.

சமன்பாடும் மாறியது. 498 பேரை அளந்து 1990இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் வாய்பாட்டையே இன்று பலர் கையாள்கிறார்கள். 40 வயது, 155 சென்டிமீட்டர், 65 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 1919இன் சமன்பாடு 1,376 கலோரி என்கிறது. 1990இன் சமன்பாடு 1,258. இரண்டையும் 1.4ஆல் பெருக்கி 500ஐக் கழித்தால் 1,426, 1,261 என்று வருகிறது. இடைவெளி ஏறத்தாழ ஒரு தோசையும் சட்னியும். அந்தப் பெண் சென்னைக்காரராக இருந்து, மேசன் கண்டது அவருக்கும் பொருந்துமானால், முதல் எண் இன்னும் கீழே இறங்கும்.