கண்டிப் பொலிஸ்: அதிகாரம் எங்கே, முறைப்பாடு எம்மொழியில்?

கண்டிப் பொலிஸ் நிர்வாகத்தின் வரலாற்றை நோக்குவோர் 1915ஆம் ஆண்டைக் கடந்து செல்ல முடியாது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவன்று, காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மூண்ட கலவரம் சில நாட்களிலேயே கொழும்பு வரை பரவியது. பொலிஸாரால் அதனை அடக்க இயலாது போகவே ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது.

அவ்வேளை இலங்கைப் பொலிஸ் சேவைக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ் உருவான அச்சேவையின் தலைமையை 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி ஜோர்ஜ் கெம்பல் ஏற்றார். இலங்கையர் ஒருவர் பொலிஸ் மா அதிபராவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு வந்த சேர் றிச்சட் அலுவிஹாரை, கண்டிக்கு அயலிலுள்ள மாத்தளையைச் சேர்ந்தவர் என்பது மலையகத்தார் பலரும் மறந்துவிட்ட செய்தி.

நிலையப் பொறுப்பதிகாரி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், பிரிவுக்குப் பொறுப்பான சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர், பிரதிப் பொலிஸ் மா அதிபர், மாகாணத்துக்கான சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் என ஏறிச் செல்லும் அதிகாரம் ஈற்றில் கொழும்பிலேயே குவிகின்றது. 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணப் பொலிஸ் பிரிவுக்கு வழிவகுத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை.

தூரம் மட்டுமே குறை என நாம் கூறவில்லை. 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். ஊரடங்குச் சட்டமும் அவசரகால நிலையும் பிறப்பிக்கப்பட்ட பின்னரும் அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் தாக்குதல்கள் தொடர்ந்தன. படையினர் போதாமையா, மனமின்மையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

இதனிலும் அன்றாடமான குறை மொழியாகும். தமிழில் சொல்லப்படும் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட, தமக்கு விளங்காத வாக்குமூலத்தில் தோட்டத் தொழிலாளரும் முஸ்லிம் வியாபாரியும் கையொப்பமிட நேர்கின்றது. 1988இன் 16ஆவது திருத்தமோ அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை எவருக்கும் வழங்கியுள்ளது. தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரேனும் கண்டி மாவட்டத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் இரவு பகலாகக் கடமையிலிருக்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பொலிஸ் மா அதிபரின் பணிப்புரை ஒன்று போதும். அதனையே நாம் கோருகின்றோம்.