அமர் சேவா சங்கம், ஆய்க்குடி

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு நிறுவனம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்திலிருந்து வருபவர்கள் கொல்லம் நெடுஞ்சாலையில் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டி இங்கு வந்து சேரலாம். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் இதைத் தொடங்கினார். பொறியியல் மாணவராக இருந்த அவருக்கு 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துத் தண்டுவடம் சிதைந்தது. சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாகச் சங்கத்துக்குப் பெயர் வைத்தார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்.

சங்கத்தின் செயலாளர் எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர். தண்டுவடக் காயத்தில் தசை நன்றாகவே இருக்கும், மூளையின் கட்டளைதான் வந்து சேராது. தசைச் சிதைவில் தசை நாரே நலிகிறது. அளவுமீறிய பயிற்சி அதை மேலும் கெடுக்கும். சங்கத்துக்கு வரும் குழந்தைகள் பலருக்கு உள்ள மூளை முடக்குவாதம் இன்னொரு வகை: கட்டளை தாறுமாறாக வருவதால் தசை இறுகி, கவனிக்காமல் விட்டால் மூட்டு மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். மூவருக்கும் ஒரே பயிற்சி என்று சொல்பவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

மூளை முடக்குவாதத்தில் காலம் முக்கியம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வு, அவர்கள் எட்டக்கூடிய இயக்கத் திறனில் ஏறத்தாழ 90 சதவீதத்தை 5 வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள் என்று கணித்தது. பாதிப்பு கடுமையாக உள்ளவர்களுக்கு இந்த அவகாசம் இன்னும் குறைவு. கூலி வேலையை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாரந்தோறும் பஸ் ஏற வேண்டிய தாய்க்கு அந்த ஆண்டுகள் வெறுமனே கழிந்துவிடும்.

அதனால் சங்கம் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுசென்றது. உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடி வந்து, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது, காலை எப்படி நீட்டி விடுவது என்று பெற்றோருக்குக் கற்றுத்தருகிறார். பிசியோதெரபிஸ்ட் உள்ளிட்ட நிபுணர்கள் ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற கைபேசிச் செயலி வழியே முன்னேற்றத்தைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். இந்தத் திட்டத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பன்னாட்டு இதழ்களில் வந்துள்ளன.

இயக்கத் திறனை அளக்க 66 செயல்களைக் கொண்ட ஜி.எம்.எஃப்.எம். என்ற அளவுகோல் பயன்படுகிறது. புரளுதல், உட்காருதல், தவழ்தல், நிற்றல், நடத்தல் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பாய், பெஞ்சு, பொம்மை, சில படிகள் போதும். கனடா ஆய்விலும் இதே அளவுகோல்தான் என்பதால், ஆய்க்குடிப் பிள்ளையின் முன்னேற்றத்தை அந்த ஆய்வு வரைந்த வளர்ச்சி வளைகோட்டோடு ஒப்பிட முடிகிறது.